கம்பியில் ஓட்டை தேடியது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பது என் வேலை. துணியென்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிவிட்டால் ஓட்டை ஓட்டைதான். அந்தத் துண்டைக் கழித்துப் போட வேண்டியதுதான். பத்து வருடமாகத் தைத்து இந்தப் பயம் எனக்குள் ஊறிவிட்டது. வேலை போக மிச்ச நேரத்தில் பளுதூக்கும் போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவள் நான்; அந்த மேடைக்கும் இதே பயத்தைக் கொண்டுபோனேன். முதல் முறை நழுவினால் போதும், மிச்சமிருக்கும் இரண்டு வாய்ப்பும் காலி. மூன்றும் போனால் போட்டியிலிருந்தே வெளியே. இரண்டு வருடம் அப்படித்தான் வெளியே வந்தேன். இன்னொரு தடவை அப்படி ஆனால் இனி கம்பியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். காட்பாடியில் உளவியல் படிக்கும் பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். எங்கள் பயிற்சிக்கூடத்துப் பெண்களுக்கு மனப்பயிற்சி தர ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வருவாள். கண்ணை மூடி, மனதுக்குள்ளேயே எடையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்தும் மூடினேன்.

"இன்னாக்கா ஆச்சு?"

"கீழ போட்டுட்டேன்."

"மனசுக்குள்ளயுமா?"

"அங்கயும் நான்தானே தூக்கறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் வேலையைப் பற்றி விசாரித்தாள். ஓட்டை விவகாரத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக் கம்பிமேல் வைத்தாள். "காலைல கீழ போட்டீங்களே, அந்த ஓட்டை எங்க இருக்கு? தேடிக் காட்டுங்க."

கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினேன். சொரசொரப்பான இரும்பு, அவ்வளவுதான்.

"இது தோல் இல்லக்கா," என்றாள். அவ்வளவு சுலபமாக என் தப்பை யாரும் தள்ளுபடி செய்ததில்லை.

அன்றிலிருந்து கம்பியைத் தடவிவிட்டுத்தான் தூக்குவேன், மனதுக்குள்ளும்கூட. சில வாரங்களில் உள்ளே விழுவது நின்றது.

போட்டியன்று முதலிரண்டு வாய்ப்பும் போயின. மூன்றாவதற்கு மேடையேறினேன். குனிந்து கம்பியைத் தடவினேன். ஓட்டை எதுவும் இல்லை. தூக்கினேன். நடுவர் இறக்கச் சொல்லும்வரை கம்பி தலைக்குமேல் அசையாமல் நின்றது.

அவளைத் தேடி ஓடினேன். கூட்டத்து நடுவில், கட்டைவிரல்களால் காதை அடைத்து, மற்ற விரல்களால் கண்ணைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். தோளைத் தொட்டேன்.

"பயந்து கண்ண மூடிக்கிட்டேன்க்கா. எனக்குள்ள எப்பவும்போல நீங்க தூக்கிட்டீங்க. வெளிய இன்னா ஆச்சு?"

அழுதுவிட்டேன். நானே என்னைக் கீழே போட்ட நாட்களிலும் தன் மனதுக்குள் அவள் என்னை ஒருமுறைகூடத் தோற்கவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் நன்றி சொல்லித் தீரவில்லை.