பிறக்காத மகனுக்கு ஒரு மனைவி

லண்டன் நோர்பரியில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நானும் அக்காவும் வேலை செய்கிறோம். கூடப்பிறந்த அக்கா இல்லை; கென்யாவிலிருந்து வந்த குரியா இனத்துப் பெண். என்னைவிட மூத்தவர் என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. நாங்கள் பேசுவது அரைகுறை ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் மனதில் தமிழாகத்தான் கிடக்கிறது.

ஒருநாள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். இடுப்பில் பிள்ளையோடு ஓர் இளம்பெண்.

“என்ரை மருமகள். இது பேரன்.”

“மகன் எங்கை நிக்கிறார்?”

“மகன் இல்லை.”

“ஐயோ கடவுளே!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். செத்துப்போன மகன் இல்லையாம். பிறக்கவே பிறக்காத மகனாம்.

அவர்களுடைய வழக்கம் அப்படி. ஆண்பிள்ளை இல்லாத பெண், மாடுகளைப் பரிசமாகக் கொடுத்து இன்னொரு பெண்ணைத் தன் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வரலாம். மாப்பிள்ளை இடத்தில் இவரேதான் நிற்பார். வருகிறவள், பிறக்காத அந்த மகனுக்கு மனைவி. பிள்ளையைக் கொடுக்க ஓர் ஆண் வருவான். ஆனால் அவனுக்கு ஓர் உரிமையும் கிடையாது. பிள்ளை, மாடு கொடுத்த வீட்டுக்குச் சொந்தம். அக்காவுக்குப் பிறந்தது எல்லாம் பெண்கள், கணவரும் இறந்துவிட்டார். இங்கே துணி தோய்த்துத்தான் மாடு வாங்கினார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் வாய் சும்மா கிடக்காது.

“அந்தப் பெட்டையிட்டை ஆரும் விருப்பம் கேட்டவையோ?”

“உம்மட்டைக் கேட்டவையோ?” என்றார்.

மாப்பிள்ளையின் ஒற்றைப் படத்தை நம்பி லண்டனுக்கு அனுப்பி வைக்கப்பட்டவள் நான். கட்டில் விரிப்பின் மறுமுனையை அவரிடம் நீட்டினேன்.

சென்ற குளிர்காலத்தில் ஊரிலிருந்து செய்தி வந்தது. மருமகளுக்குப் பிள்ளையின் தகப்பனோடேயே வாழ ஆசை. மகனையும் கூட்டிக்கொண்டு பட்டணம் போகக் கேட்கிறாள். மாடுகளைத் திருப்பி வாங்க அக்கா சம்மதித்தால் பிள்ளை தாயோடு போகலாம். சம்மதிக்காவிட்டால் தாய் மட்டும்தான் போகலாம். ஊர்ப் பெரியவர்கள் அக்காவின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

“அவன் போனால் என்ரை வீடு என்னோடை முடிஞ்சுது.”

“விட்டுடுங்கோ அக்கா. தாயும் பிள்ளையும் ஒண்டா இருக்கட்டும்.”

சொல்வது சுலபம். என் மனுசன் செத்தபோது, நோயில் கிடந்தவரை ஒருநாளும் எட்டிப் பார்க்காத அவருடைய தமையனின் மகன் பக்கத்து ஊரான சட்டனிலிருந்து வந்து தகனசாலையில் பொத்தானை அழுத்தினான். இங்கே அதுதான் கொள்ளி. கடைசிவரை தகப்பனைப் பார்த்த என் மகள் பின்வரிசையில் நின்றாள். ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு என்று எங்கள் சனமே என் காதுபடச் சொன்னது. அதையெல்லாம் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

மத்தியான இடைவேளையில் அக்கா ஊருக்கு அழைத்துப் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பெடியன் நிக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன்.”

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவ்வளவு கோபம். ஆனால் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், மடித்தோம்.

தாய் போய்விட்டாள். பேரனை இப்போது அக்காவின் கணவருடைய தங்கை வளர்க்கிறார். போன கிழமை அவன் வீடியோவில் வந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். அக்கா கொஞ்சிக் கொஞ்சிப் பேசினார். அவனோ தலையைச் சரித்துச் சரித்து அவருக்குப் பின்னால் எதையோ தேடினான். பிறகு அவர்கள் மொழியில் என்னவோ கேட்டான். அக்கா பதில் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

“என்னத்தைத் தேடினவன்?”

“தாயை. அவ லண்டனுக்கு என்னட்டை வந்திட்டா எண்டு அங்கை சொல்லி வைச்சிருக்கினம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டு சொன்னனான். இஞ்சை வேலையிலை நிக்கிறா எண்டு.”