தடிக்காத கையைப் பார்த்துச் சந்தோஷப்படாத டாக்டர்

டாக்டர் விசாலம் போய்விட்டார்.

காலையில் அவர் தங்கை மகன் போன் பண்ணினார். நிமோனியாவாம். "காய்ச்சலே இல்ல. கொஞ்சம் சோர்வா இருந்தாங்க, அவ்வளவுதான். அதனால யாரும் பயப்படல" என்றார்.

கேட்டதிலிருந்து உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்... வயசானவர்களுக்குக் கிருமி உள்ளே வந்தாலும் உடம்பு சத்தம் போடாது என்று ஆயுள் முழுக்க ஆராய்ச்சி பண்ணின மனுஷி. அவர் வீட்டிலேயே காய்ச்சல் இல்லையென்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிப் பக்கம் டிபி சர்வே எடுக்க ஒரு டீம் வந்தது. அவர்தான் டாக்டர். நான் அதில் அசிஸ்டென்ட், எனக்கு முதல் வேலை.

முன்கையில் சின்னதாக ஒரு ஊசி போடுவோம். மூன்றாம் நாள் போய்ப் பார்ப்போம். அந்த இடம் தடித்திருந்தால் காசநோய்க் கிருமி அந்த உடம்புக்கு ஏற்கெனவே பழக்கம் என்று அர்த்தம். தடிக்காவிட்டால் பழக்கமில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் இதை வைத்து என்ன பண்ணினார்கள் தெரியுமா... சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் கையைக் காட்டச் சொன்னார்கள்! ஜாதகத்தோடு அதுவும் ஒரு பொருத்தமாகிவிட்டது.

ஆவணியில் அக்காவைப் பெண் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து வந்தவர்கள் அப்பாவின் ஊசி போட்ட கையைத்தான் முதலில் பார்த்தார்கள். அப்பா மரவேலை ஆசாரி. வயது அறுபது. கொஞ்ச காலமாகவே இருமல், கேட்டால் மரத்தூசு என்பார்.

கை வழுவழுவென்று இருந்தது. "சுத்தமான கை" என்று சொல்லிச் சம்பந்தியம்மா தாம்பூலம் மாற்றிக்கொண்டார். அம்மா தெருவுக்கே பணியாரம் கொடுத்தாள்.

டாக்டருக்கும் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"சந்தோஷப்படாதே செல்வி. அப்பா எளைச்சிருக்காரு, இருமுறாரு. கை மட்டும் சும்மா இருக்கு. இது சரியில்ல." ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நின்று பேசவே தெரியாது அவருக்கு. "இங்க வயசானவங்க பாதிப்பேரு கை இப்படித்தான் இருக்கு. கிருமியே இல்லையா, இல்ல உடம்புதான் மறந்துருச்சா?"

சளி டெஸ்டுக்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"கைதான் தடிக்கலையே டாக்டரம்மா, அப்புறம் எதுக்குச் சளி கேக்குறீக? ஜீப்பு இன்னொருக்கா வாசல்ல நின்னா எம் மக கல்யாணம் நின்னுபோகும்."

எனக்கு இரண்டு பக்கமும் பயம். அப்பாவும் வேண்டும். அக்கா கல்யாணமும் நடக்க வேண்டும்.

மறுவாரம் டாக்டர் நடந்தே வந்தார். பட்டறையில் மரச்சீவல் மேல் உட்கார்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆசாரியாரே, லேப் கண்ணாடியெல்லாம் பத்திரமா வைக்க ஒரு தேக்குப் பெட்டி வேணும்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "கையை நீட்டுங்க. இன்னொரு ஊசி போடுறேன். இதுக்கும் தடிக்கலேன்னா நான் இந்தப் பக்கமே வரல."

தடித்தது. மூன்றாம் நாள் நன்றாகவே தடித்திருந்தது.

அப்பா கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குச் சும்மா இருந்த அதே கைதானேம்மா இது?"

"முதல் ஊசி தட்டி எழுப்பிருச்சு ஆசாரியாரே, இப்பத்தான் அதுக்கு ஞாபகம் வந்திருக்கு. ஏன் மறந்துச்சுன்னு கேக்காதீங்க. எனக்கும் தெரியல... அதுதான் என்னைப் போட்டுக் குடையுது."

அன்றைக்கே அப்பா சளி கொடுத்தார். கிருமி இருந்தது.

கல்யாணம் தையில். அதற்குள் சளியில் கிருமி இல்லாமல் ஆக்கியாக வேண்டும். அப்பாவின் படுக்கை பட்டறைக்கு மாறியது. எங்கள் எல்லோருக்கும் டெஸ்ட். வாரம் இரண்டு தடவை, பெட்டி வேலையைப் பார்க்கிற சாக்கில் டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். "ஒரு பெட்டிக்கு எத்தன மாசம்யா?"

அப்பா அசரவில்லை. "டாக்டரம்மா அளவ மாத்திக்கிட்டே இருக்காகய்யா, நான் என்ன செய்ய?" உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த டாக்டருக்குப் புரையேறிவிட்டது.

மார்கழிக் கடைசியில் சளி சுத்தம் என்று ரிசல்ட் வந்தது. மருந்து அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஓடியது... ஆனால் தையில் அப்பாவே மணவறையில் நின்று அக்காவைத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

சம்பந்தியம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. இப்போது இங்கே எழுதிவிட்டேன். அத்தான் படித்தால் படிக்கட்டும்.

டாக்டர் பிறகு சென்னை, வெளிநாடு என்று போனார். போன இடமெல்லாம் அதே கேள்விதான். வயசானால் உடம்பு பழைய கிருமியை ஏன் மறக்கிறது, புதுக் கிருமியை ஏன் கண்டும் காணாமல் உள்ளே விடுகிறது.

போன பொங்கலுக்குப் பேசும்போது கேட்டேன். "கண்டுபிடிச்சிட்டீகளா டாக்டர்?"

"பாதி" என்றார். "மீதியும் கிட்டத்துலதான் இருக்கு. ஆனா எனக்கே வயசாயிருச்சே செல்வி... சீக்கிரம் பார்க்கணும்." பட்டென்று போனை வைத்துவிட்டார். எப்போதும் அப்படித்தான்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. போனை எடுக்கிறேன், வைக்கிறேன்... சொன்னால் தாங்க மாட்டாள். அப்பா அவள் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் தோளில் போட்டு வளர்த்துவிட்டுத்தான் போனார்.

எங்கள் அப்பாவை எங்களுக்கு விட்டுவைத்தீர்கள் டாக்டர். போய் வாருங்கள்.