செல்லோவுக்கு ஒரு ஜன்னல் இருக்கை

நவம்பர் மாதத்து சனிக்கிழமை. காலை எட்டேகாலுக்கு மியூனிக் ரயில் நிலையத்தில் ஒரு செல்லோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியண்ணன். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். பெட்டியோடு சேர்த்தால் கிட்டத்தட்ட என் தோள் உயரம். கூட்டத்தில் எல்லோரும் எங்களுக்கு மரியாதையாக வழி விட்டார்கள். இந்த ஊருக்கு வந்த மூன்று வருடங்களில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

செல்லோவின் சொந்தக்காரர் இஷ்த்வான், ஹங்கேரிக்காரர், வயது எழுபத்தாறு. என் வீட்டுக்கு மேல் வீடு. அதாவது மூன்று வருடங்களாக என் கூரையில் இசையாக இருந்தவர். அன்று மாலை ஐந்து மணிக்கு ஹனோவரில் அவருடைய கடைசிக் கச்சேரி. இடது கை மோதிர விரல் சில மாதங்களாக மடங்க மறுக்கிறது. "விரலை மாலை வரை மிச்சம் பிடிக்க வேண்டும். பெட்டியைத் தூக்க ஓர் ஆள் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார். மனைவியும் மகளும் கோயம்புத்தூரில் இருக்க, வார இறுதியில் துணி துவைப்பதைத் தவிர எனக்கு என்ன வேலை? கிளம்பிவிட்டேன்.

அவரை நான் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே சிரித்துவிட்டார். அவர்கள் மொழியில் சார் என்றால் செடியின் தண்டாம். ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் கலந்து பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மியூனிக்கிலிருந்து ஹனோவருக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அதிவேக ரயிலில் நாலரை மணி நேரம். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று ஊரில் நம்பிக்கொண்டிருப்பவர்கள் மனதைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் நாங்கள் அரை மணி நேரம் தாமதமாகத்தான் புறப்பட்டோம். இஷ்த்வான் மூன்று இருக்கைகளை முன்பதிவு செய்திருந்தார். மேசையைச் சுற்றி நான்கு இருக்கைகள், அதில் ஒரு ஜன்னலோரம் செல்லோவுக்கு. அதை உட்கார வைத்து, இடுப்பில் வார் போட்டுக் கட்டினார். எனக்கு நடைபாதைப் பக்கம்.

நியூரம்பெர்க் தாண்டும்வரை வெளியே மூடுபனி. மரங்கள் இருந்தன என்று நம்ப வேண்டியதுதான். நடுநடுவே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் வெள்ளைக்குள் மிதந்து வந்து, நாம் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் மறைந்துபோகும். ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத ஓர் அமைதி. பாதித் தூக்கத்தில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய வாழ்க்கையை அவர் சொன்னாரா, நான் கனவு கண்டேனா என்று இப்போதும் சில இடங்களில் சந்தேகம்தான்.

சமவெளியில் ஆற்றோரம் ஒரு சிற்றூர். எட்டு வயதில் இசைப் பள்ளியில் வயலினுக்காக வரிசையில் நின்றாராம். கடைசி ஆள். வயலின்கள் தீர்ந்துவிட்டன. மூலையில் ஒரு செல்லோ மட்டும் மிச்சம். "வரிசையில் தாமதமாக நின்றதால் வந்த வாழ்க்கை" என்றார். பிறகு புடாபெஸ்டில் படிப்பு. இருபத்து நான்கு வயதில் ஒரு கச்சேரிக்காக ஜெர்மனிக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. டோக்கியோ, புவனஸ் ஐரிஸ், லிஸ்பன் என்று மேடைகள். ஹனோவரில் ஓர் இசைக் கல்லூரியில் வகுப்பு. அவரிடம் படித்தவர்கள் இன்று பல நாட்டு இசைக் குழுக்களில் வாசிக்கிறார்கள். சொல்லும்போது இடது கை விரல்கள் மேசைமேல் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தன. மோதிர விரல் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி வந்தது.

வூர்ட்ஸ்பர்க்கில் ஓர் அப்பாவும் ஆறு வயது மகளும் ஏறினார்கள். நெற்றியில் சின்னப் பொட்டு, கையில் பனிக் கையுறை. குழந்தை எங்கள் மேசையருகே நின்று, செல்லோவை மேலும் கீழும் பார்த்தது.

"இதுக்குள்ள ஆர் இருக்கினம்?"

யாழ்ப்பாணத் தமிழ். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பா சங்கடத்தோடு சிரித்தார். "குறை நினைக்காதேங்கோ அண்ணை. பிள்ளைக்கு ஜன்னல் பக்கம் எண்டால்தான் இருப்பா."

"பரவாயில்லைங்க, உட்காரட்டும்" என்றேன். "நான் கோயம்புத்தூருங்க. நீங்க?"

"ஹனோவர். பஸ் ஓட்டுறன். பேர் சிவநேசன், இவ அபி."

விஷயத்தை மொழிபெயர்த்தேன். இஷ்த்வான் எழுந்து செல்லோவின் வாரை அவிழ்த்தார். நாங்கள் இருவரும் அதைத் தூக்கி நான்காவது இருக்கையில் வைத்தோம். அபி ஜன்னலோரம் அமர்ந்து, கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் வரையத் தொடங்கினாள். சிவநேசன் பைகளை வைக்க ரயில் பெட்டியின் கோடிக்குப் போனார். வெளியே பனி விலகி ஓர் ஆறு தெரிந்தது. அதைக் காட்ட ஆள் தேடி, குழந்தை முழுக் குரலில் கத்தினாள்.

"அப்பா!"

நான் திரும்பினேன். ஊர்ப் பழக்கம். மகள் நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் கழுத்துக்கு அது தெரியாது. ஆனால் இஷ்த்வானும் திரும்பியிருந்தார். என்னைவிட வேகமாக. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மறு நொடியே குழந்தையைப் பார்த்து, தன்னைத்தானே கேலி செய்வதுபோல் தலையாட்டிக்கொண்டார்.

"எங்கள் மொழியிலும் அதே சொல்தான். அபா."

ஃபுல்டா நிலையம் தாண்டியது. பிறகு அவராகவே தொடங்கினார். யூதித் என்று அவருக்கு ஒரே மகள். பதினாறு வயதில் அவருடைய வகுப்பிலேயே செல்லோ படிக்கச் சேர்ந்தாள். முதல் நாள், மற்ற மாணவர்கள் எதிரில், "அபா, நாற்காலி எங்கே போட?" என்று கேட்டிருக்கிறாள். மகளுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு. "இங்கே அபா கிடையாது. எல்லோரையும்போல் தனார் ஊர் என்று சொல்" என்றார். ஆசிரியர் ஐயா என்று அர்த்தம். அவர்கள் மொழியில் ஊர் என்றால் ஐயாவாம்! நான் சிரிக்கவில்லை.

"சொன்னபடி கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் தனார் ஊர்தான். முதலில் கோபம் என்று நினைத்தேன். அப்புறம் அவளுக்கே பழகிவிட்டது. இரண்டு வருடத்தில் வாசிப்பை விட்டாள். அந்தச் சொல்லை விடவில்லை. முப்பது வருடம் ஆகிறது."

கைபேசியை என்னிடம் நீட்டினார். கச்சேரிக்கு வா என்று அவர் எழுதியதற்கு யூதித்தின் பதில். ஹங்கேரிய மொழி. அவர் விரல் வைத்துப் படித்துக் காட்டினார்: முயற்சி செய்கிறேன், தனார் ஊர்.

"வந்தால் போதும். என்னவென்று கூப்பிட்டாலும் சரி" என்றார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு மென்மையான மனிதர் ஒரு குழந்தையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை எப்படிப் பிடுங்கினார் என்று கோபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். காசல் மலைகளில் மெல்லிய வெயில்.

ஒன்றரை மணிக்கு ஹனோவர். இறங்கும்போது இஷ்த்வான் குனிந்து அபியையும் கச்சேரிக்கு அழைத்தார். "பெட்டிக்குள் யார் என்று வந்து பார்" என்றார். "வாறம்" என்றார் சிவநேசன், மகளைக் கேட்காமலே.

கச்சேரி ஒரு சிறிய தேவாலயத்தில். நிலையத்திலிருந்து டிராமில் நான்கு நிறுத்தம். கல் தரை, மர நாற்காலிகள், நூறு பேர் இருக்கலாம். முன்வரிசையில் இடது ஓரத்து நாற்காலியில் இஷ்த்வான் தன் மஃப்ளரைப் போட்டு இடம் பிடித்தார். எங்கள் ஊரில் பேருந்து ஜன்னல் வழியே துண்டு போடுவதுபோல. அதைக் காவல் காப்பது என் பொறுப்பு. இரண்டு பேரை விரட்டினேன். ஐந்து மணிக்கு அவர் மேடைக்கு வந்தார், மஃப்ளரைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. வில் கம்பியைத் தொட்டதும் அந்தக் கல் கட்டடம் மூச்சு விட்டது என்று மட்டும் சொல்வேன். ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. தூங்கப் போகும் குழந்தைக்கு யாரோ அடுத்த அறையிலிருந்து ஏதோ சொல்வதுபோல் இருந்தது. வண்ணக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இருண்டன. காலையில் பார்த்த மூடுபனி உள்ளே வந்துவிட்டதாகவும், நாங்கள் எல்லோரும் நாற்காலிகளோடு அதில் மிதப்பதாகவும் தோன்றியது. கடைசிப் பகுதியில் மோதிர விரல் ஓரிடத்தில் பிந்தியது. அவர் அவசரப்படவில்லை. விரல் வந்து சேரும்வரை இசையை நிறுத்தி வைத்துக் காத்திருந்து, பிறகு சேர்ந்து நடந்தார்.

கைதட்டல் ஓய்ந்தது. மஃப்ளர் அப்படியே கிடந்தது.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். இஷ்த்வான் எங்களுக்கு முதுகைக் காட்டி, தரையில் மண்டியிட்டு, செல்லோவைப் பெட்டிக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். உதவிக்காக நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அபா."

வழக்கம்போல் நான் திரும்பினேன். அவர் திரும்பவில்லை. பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த ரயில் குட்டிப் பெண் கூப்பிடுகிறாள். அவளுடைய அப்பா எங்கே போனார்?"

அபி சிவநேசனின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தூண் ஓரம் ஈரக் குடையோடு நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, காலடியில் சிறு குளம்போல் தண்ணீர் தேங்கியிருந்தது.

"சார்" என்றேன். "குழந்தை தூங்குகிறாள். இது உங்களுக்கு."

மறுநாள் காலை நான் மட்டும் மியூனிக்குக் கிளம்பினேன். இஷ்த்வான் மகள் வீட்டில் ஒரு வாரம் இருக்கப்போகிறார். செல்லோவுக்குப் பதிவு செய்த ஜன்னல் இருக்கை காலியாக வந்தது. யாரையும் உட்கார விட மனம் வரவில்லை, பையை வைத்துக்கொண்டேன். மறுபடியும் மூடுபனி. காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு குழந்தை அப்பா என்று கத்தினால் இருபது ஆண்கள் திரும்புவார்கள், பத்தொன்பது பேர் வெட்கமில்லாமல் பேருந்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தத் தேவாலயத்தில் ஒரே ஒருவன்தான் திரும்பினான். அதுவும் தவறான ஆள். சரியான ஆளுக்கு, அது தன்னைத்தான் என்று இன்னொருவன் சொல்ல வேண்டியிருந்தது.