ஒலிக்காத அலாரங்கள்

ஜெயகிருஷ்ணனின் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். மகன் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, அதே ஊரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் பத்து வருடங்களுக்கு மேல் இருந்தார். கடற்கரையோரம் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோகெமிக்கல் வளாகமும் எழும்பத் தொடங்கியபோது, நல்ல பதவி கொடுத்து அழைத்தார்கள். மைசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த மனைவி பிரதிபாவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஹெப்பாளில் தன்னிடம் வேலை பார்த்த சிவகுமாரையும் கூட்டிக்கொண்டு போனார். ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், வெல்டிங்கில் கெட்டிக்காரன்.

வெறும் மணல்வெளியில் கோபுரங்களும் உருண்டைத் தொட்டிகளும் எழுவதை நான்கு வருடம் பார்த்தார் ஜெயகிருஷ்ணன். முதல் யூனிட் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வாயு கசிந்தால் ஒலிக்க வேண்டிய அலாரங்களில் பாதிக்கு இன்னும் இணைப்பே கொடுக்கவில்லை. யூனிட்டை ஓட்டலாம் என்று பாதுகாப்புப் பிரிவின் சார்பில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"விழாவுக்கு அப்புறம் பண்ணிக்கலாம். பெரிய பெரிய ஆளெல்லாம் வர்றாங்க," என்றார் புராஜெக்ட் மேனேஜர் இராமச்சந்திரன்.

"அலாரம் டெஸ்ட் ஆகட்டும் சார். அன்னிக்கே போடறேன்."

வேறொருவர் போட்டார். ஜெயகிருஷ்ணனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பழைய பைப்புகளுக்கு நடுவே சில வாரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ராஜினாமா செய்து மைசூர் திரும்பினார். யூனிட் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஒன்றும் ஆகாததுதான் அவரை அரித்தது. காலையில் எழுந்ததும் போனில் செய்தி பார்ப்பார். ஒருநாள் எங்கோ ஒரு ஆலையில் தீ என்று வந்தது. பரபரப்பாகத் திறந்தார். வேறு மாநிலம், வேறு ஆலை. காபி கொண்டுவந்த பிரதிபா அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அது அந்த ஃபேக்டரி இல்லைன்னதும் உங்க மூஞ்சி ஏன் வாடிப்போச்சு?"

"அப்படியெல்லாம் இல்ல."

"சும்மா பொய் சொல்லாதீங்க. என்ன எதிர்பாக்கறீங்க நீங்க?"

அவள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள். அவர், இன்னும் அந்த ஆலையிலேயே இருந்த சிவகுமாரைப் போனில் கூப்பிட்டார்.

"அங்க இன்னும் அலாரம் போடலையா?"

"இல்லீங்க சார்."

"அப்ப நீ எதுக்குடா அங்க இருக்க? விட்டுட்டு வந்துடு. நான் தினமும் நியூஸைப் பாத்துப் பயந்துண்டு இருக்கேன்."

சிவகுமார் நிதானமாகச் சொன்னான்: "தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க கையெழுத்துப் போடலீங்க, வெளிய போயிட்டீங்க. நாங்க தெனமும் உள்ள போயிட்டுத்தானுங்களே இருக்கறோம். நாங்க செத்தாத்தான் நீங்க சொன்னது நெசம்னு ஆகுமுங்களா?"

போனை வைத்த பிறகும் ஜெயகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. தான் மறுத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று இத்தனை மாதம் நினைத்திருந்தார். அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார் எழுதலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எழுதினால் இந்தத் துறையில் இனி யாரும் வேலை தர மாட்டார்கள் என்பதும் தெரியும். மங்களூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்கு நாள் வேறு முடிவாகியிருந்தது.

மத்தியானத்துக்குள் எழுதி, தன் பெயரையே போட்டு அனுப்பினார். சாயங்காலம் பிரதிபாவிடம் சொன்னார்.

"மங்களூர் வேலை?"

"போயிடும்னு நெனைக்கறேன்."

அவள் கைப்பையைக் கழற்றி வைத்தாள். "முன்னாடியே எழுதியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று அவர் கேட்கவில்லை.

மங்களூர்க்காரர்கள் இன்டர்வியூவை ரத்து செய்தார்கள், காரணம் சொல்லவில்லை. ஹெப்பாளிலேயே சின்ன பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். பாதிச் சம்பளம்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் சிவகுமார் தானாகவே கூப்பிட்டான். ஆய்வுக்கு ஆட்கள் வந்து யூனிட்டை நிறுத்தினார்களாம். அலாரங்கள் எல்லாவற்றுக்கும் இணைப்புக் கொடுத்துச் சோதித்த பிறகுதான் ஓடவிட்டார்களாம். யார் புகார் செய்தது என்று அங்கே யாரும் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

"இனி நிம்மதியா இரு," என்றார் ஜெயகிருஷ்ணன்.

"ரெண்டாவது யூனிட் வேலை ஆரம்பிச்சுட்டாங்க சார். எப்பவும் போல அவசரந்தானுங்க. ஊர்ல எம் மச்சான் சும்மாத்தான் இருக்கறான், அவனையும் வரச் சொல்லியிருக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த மச்சானுக்கு வேறு வேலை வாங்கித்தரத் தன்னால் முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

"பாத்துக்கோ," என்றார்.

"சரிங்க சார்," என்று சிவகுமார் போனை வைத்தான்.