மடியில் கிடந்த பஞ்சுப் போர்வை

எங்கள் ஊரில் முதலில் பட்டம் பெற்றவன் நான். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். வல்லம் வடகால் பக்கம் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகும், வாசலுக்கு வருகிறவரை எழுந்து நின்று வரவேற்கும் வழக்கத்தை நான் விட்டதில்லை.

என் மகள் ஒரகடத்தில் இரவு ஷிப்ட் பார்த்துவந்தாள். பகலில் ஏசி போட்டு அவள் போர்த்தித் தூங்கும் பஞ்சுப் போர்வையின் ஓரம் நைந்துவிட்டது. ஓரத்தை மூடக் கடையில் மிஷினில் மட்டும் ஓட்டிக் கொடுத்த துணிப் பட்டை ஒரே துவையலில் பிரிந்ததால் நானே உட்கார்ந்தேன். துணியைக் குறுக்காக வெட்டி, பட்டையை இரட்டையாக மடித்து, முன்பக்கம் மிஷினில் தைத்தேன். பிறகு தரையில் அமர்ந்து, போர்வையை மடியில் பரப்பி, பட்டையைப் பின்பக்கம் திருப்பி இரட்டை நூலால் நெருக்கமாகக் கைத்தையல் போட்டுக்கொண்டு போனேன்.

அன்று மாலை மறைமலை நகரிலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. நண்பகலிலேயே கார் வந்து நின்றது.

"பையனுக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க சார். அதான் இப்பவே வந்துட்டோம்," என்றபடி பையனின் தந்தை உள்ளே வந்தார்.

எழப்போனேன். போர்வையும் கூடவே எழுந்தது. இடுப்பில் வேட்டி நழுவியது. பட்டையோடு வேட்டியையும் சேர்த்துத் தைத்திருந்தேன். கத்தரிக்கோலோ மிஷின் மேல் இருந்தது. ஊசியை மறைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கைகூப்பினேன். அவர் முகம் சுருங்கியது. சம்பந்தம் வாசலோடு முறிந்தது என்றே நினைத்தேன்.

"அவருக்கு முட்டி வலிங்க, டக்குன்னு எழுந்துக்க முடியாது," என்றாள் என் மனைவி.

"குந்துங்க சார். நமக்கு இன்னா மரியாத வேண்டிக் கீது?" என்றார் பையனின் தந்தை.

பையனின் அத்தை விடவில்லை. "பரம்பரையா வரும்னு சொல்றாங்களேண்ணா. பொண்ணுக்கு?"

"கம்பெனி லைன்ல நிக்கிற புள்ளைங்க எல்லாத்துக்கும் முட்டி வலிதான். நம்ம பையன் மட்டும் இன்னா, தைலம் தடவாமயா தூங்குறான்? சும்மா இரு."

காபி வந்தது, மகள் வந்து வணங்கினாள், பேச்சு முடிவானது. அவர்கள் கிளம்பும்வரை வியர்வை வழிய அந்தப் போர்வைக்குள் கிடந்தேன். பிறகுதான் மனைவி தையலை வெட்டிவிட்டாள்.

வேட்டி விடுபட்டது, நான் விடுபடவில்லை. திருமணத்தன்று மற்றப் பெரியவர்கள் மண்டப வாசலில் நின்று வரவேற்க, என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எழுந்தபோதெல்லாம் சம்பந்தி தோளை அழுத்தினார். "குந்துங்க சம்பந்தி, முட்டிய பாத்துக்கோங்க." உண்மையைச் சொன்னால் என் மனைவி பொய் சொன்னவளாவாள்; மகளோ அந்த வீட்டில் புதியவள். மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இன்று அந்த வீட்டில் என் மகளின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆகவே எழுதலாம். நான் முட்டி வலிக்காரன் என்று சம்பந்தி வீட்டார் இன்னமும் சொல்லிவருகிறார்கள். அது தவறு. என் முழங்கால்களில் எக்காலத்திலும் எந்தக் கோளாறும் இருந்ததில்லை.