போனில் வந்த உறுமி

உறுமியைக் காதால் மட்டும் கேட்பவன் பாதிதான் கேட்கிறான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த அடிச்சத்தம், கனத்துத் தாழ்ந்த அந்த ஒலி, முதலில் உள்ளங்காலில் ஏறும், பிறகு வயிற்றைப் பிசையும், அப்புறம்தான் காதுக்கு வரும். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டச் சரிவில் இருக்கும் எங்கள் கருப்பசாமிக்கு அதுதான் அழைப்பு. மேளத்துக்கெல்லாம் அவர் அசைய மாட்டார். முன்பு அப்பா மேல் இறங்கிய சாமி, அப்பா இறந்த பிறகு என் மேல்தான் இறங்கினார்.

நான் ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். போன வருடம் சித்திரை மாதச் சாமி கும்பிடு நான் இல்லாமலே நடந்தது, சாமி யார் மேலும் வரவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், ஊருக்குப் போனால் திரும்பி நுழைவது சந்தேகம். இதைப் போடியில் இருக்கும் அம்மாவுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"உன் மேல எறங்குன சாமி வேற எங்கப்பு போகும்? உன்னயத்தான் தேடிக்கிட்டு நிக்குது," என்றாள். இந்த வருடம் வழியையும் அவளே கண்டுபிடித்தாள். "போன்ல உறுமிய அடிச்சுக் காட்டுறோம். நீ குளிச்சுட்டுச் சுத்தபத்தமா நில்லு. வரும்."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது.

என் பிழைப்பே சத்தத்தோடுதான். இணையத்தில் பேசுகிறவர்களின் குரலைச் சுத்தம் செய்து அனுப்பும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. மின்விசிறி இரைச்சல், லாரி உறுமல், காற்று மோதுவது எல்லாம் அடிச்சத்தங்கள். பேச்சுக்கு அவை தேவையில்லை என்று அவற்றை வாசலிலேயே வடிகட்டிவிடுவோம். உறுமியும் லாரியும் அதற்கு ஒன்றுதான். சும்மா போன் போட்டால் கருப்பனுக்கான அழைப்பு குப்பையோடு போய்விடும், தகர டப்பாவைத் தட்டுவது போல டக் டக் என்று மேல்சத்தம் மட்டும் வந்து சேரும்.

அதனால் தங்கைக்குப் பாடம் நடத்தினேன். எங்கள் மென்பொருளிலேயே கூப்பிடு, அதில் இரைச்சல் நீக்குவதை அணைத்துவிடு, பாட்டுக்கான அமைப்பைப் போடு. அந்தச் சரிவில் கேரளா டவர்தான் எடுக்கும், தோட்டத்துக்குப் போகிறவர்களிடம் கேட்டு அந்தப் பக்கத்து சிம் ஒன்று போட்டுக்கொள். எல்லாவற்றுக்கும் மேலாக, போனை உறுமிக்குப் பக்கத்தில் பிடி, முடிந்த மட்டும் பக்கத்தில்.

"உறுமிக்குள்ளயே தலைய விட்டுர்றேண்ணே, போதுமா?" என்றாள்.

என் பங்குக்கு, அடிச்சத்தத்துக்கென்றே செய்த பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி அறைத் தரையில் வைத்தேன். கீழ்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடாமல் இருக்க, எங்கள் வீட்டில் விசேஷம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். கும்பிடு அன்று காலையில் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, வெறுங்காலோடு ஸ்பீக்கர் முன்னால் நின்றேன். அங்கே மதியப் பொங்கல் பொங்கி முடித்திருந்தார்கள்.

உறுமி வந்தது. முழுசாக வந்தது. பலகைத் தரை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியது. கண் தானாக மூடிக்கொண்டது, முழங்கால் லேசாக ஆடத் தொடங்கியது. வந்துரு, வந்துரு என்று கெஞ்சினேன். இந்த ஊரில் வேலைக்கோ விசாவுக்கோ யாரிடமும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

திடீரென்று குலவைச் சத்தம். கண்ணைத் திறந்தால் திரையில் உறுமிக்காரர் இல்லை, வானமும் இரண்டு ஏல இலையும்தான் இருந்தன. போன் கீழே விழுந்து கிடந்தது. "எறங்கிருச்சு! தங்கச்சி மேல எறங்கிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். உறுமிக்கு அத்தனை பக்கத்தில் நின்றவள் அவள்தானே. நிற்க வைத்தவனும் நான்தான்.

என் முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டது. அழுகை வந்தது. சொந்தத் தங்கை மேல் பொறாமைப்பட்டு, வேட்டியோடு அந்நிய ஊரில் நின்று அழுதேன்.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. "கருப்பா, எம் மூத்த பிள்ள ஊருக்கு வருவானா, மாட்டானா? அத மட்டும் சொல்லிரு."

சாமி பேசினால் ஆணென்ன பெண்ணென்ன, குரல் அடிவயிற்றிலிருந்து உறுமி மாதிரி அடிச்சத்தமாகத்தான் வரும். அந்த நேரம் பார்த்து சிக்னல் மெலிந்தது. சிக்னல் மெலிந்தால் எங்கள் மென்பொருள் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சு போதும் என்று தானாக மாறிக்கொள்ளும், மாறியதும் அடிச்சத்தத்தை வெட்டிவிடும். கோயில் மணி கேட்டது, ஏதோ ஒரு குருவி கேட்டது. பதில் மட்டும் கேட்கவில்லை. பிறகு அம்மா, "சரி சாமி... சரி சாமி," என்றது தெளிவாகக் கேட்டது.

ஜீப்பில் அவர்கள் போடிக்கு இறங்கிய பிறகு தங்கையிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமே நெனப்பில்லண்ணே. ஒடம்புதான் வலிக்குது," என்றாள். சாமி வந்தவர்களுக்கு நினைவிருக்காது, எனக்கே இருந்ததில்லை. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"சாமி என்னம்மா சொல்லுச்சு?"

"நல்லாத்தான் சொல்லுச்சு."

"நான் வருவேன்னுச்சா, மாட்டேன்னுச்சா?"

"எங்க இருந்தாலும் ஒடம்பப் பாத்துக்கப்பு," என்றாள்.

"எப்பப்பு வர்ற?" என்று கேட்காமல் அம்மா ஒரு நாளும் போனை வைத்ததில்லை. அன்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்பதில்லை.