கார் ஷோரூமில் தமிழில் ஒரு ரகசியம்

“வெளியே போனா மட்டும் ஏம்மா ரகசியமெல்லாம் தமிழ்ல பேசறீங்க?” என்று மகள் சிறுவயதில் கேட்டாள்.

“ஹைதராபாத்துல யாருக்கும் புரியாதே!” என்றேன்.

இன்று ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு ஷோரூமில் புதுக் காருக்கு விலை பேசினோம். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். அதை எடுத்தால்தான் வாங்குவோம் என்று ஹிந்தியில் கறாராகச் சொன்னேன். விற்பனையாளர் மேனேஜரைக் கேட்க எழுந்தே விட்டார்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் தமிழில், “விடு, கேட்டதைக் குடுத்துடலாம். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வண்டி வந்தாகணும்” என்றார்.

விற்பனையாளர் மறுபடி உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கிழமையே எடுத்துக்கலாம் சார்,” என்று தமிழில் சிரித்தார். “எங்க தாத்தா ரயில்வே வேலைக்கு இங்க வந்தவரு. சொந்த ஊர் வேலூர்.”

கேள்வித்தாளை முதல் நாளே வகுப்பில் வாசித்துக் காட்டியதுபோல் ஆகிவிட்டது. அதன்பின் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. நாளைக்கு எந்த முகத்தோடு போய் மறுபடி கறாராகப் பேசுவது?

நீங்கள் விலை பேசப் போனால், எதிரில் இருப்பவரிடம் முதலில் சொந்த ஊர் எது என்று கேட்டுவிடுங்கள்.